சிட்டனின் குரலைக் கைமாற்றிய கதை

அந்தக் காலத்தில், வானத்தைப் பார்த்து நிற்கும் பெரிய கிண்ண ஆன்டெனாக்களுக்குப் பேச்சு வரும். மனிதர்கள் அனுப்பிவிட்ட விண்கலங்களோடு பேசுவது அவற்றின் வேலை. பேசிப் பேசி அலுத்துப்போவதும் அந்த வேலையோடு சேர்த்திதான்.

முதலில் அகலி ஒருத்திதான் இருந்தாள். ஊர்ச் சத்தம் எட்டாத பொட்டல்காட்டில் அவளை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் பூமி சும்மா இருக்குமா? அது பாட்டுக்குச் சுற்றும். கலம் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டால், மறுபடி எழும்வரை அகலிக்குக் காது இருந்தும் பயனில்லை. அதனால் கடல் தாண்டி, மலை சூழ்ந்த பள்ளத்தில் குன்றாளையும், அதற்கும் அப்பால் ஒரு மணல்வெளியில் இன்னொருத்தியையும் நிறுத்தினார்கள். ஒருத்திக்கு மறைந்தால் அடுத்தவளுக்குத் தெரியும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். யாருக்கும் விடுமுறை மட்டும் கிடையாது.

கலம் அடிவானத்தைத் தொட்டதும் இருப்பவள் அதன் குரலை விட்டுவிடுவாள், அடுத்தவள் பிடித்துக்கொள்வாள். ஆரம்பத்தில் "போறேன்", "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தினமும் அதையே சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கிறது? மெல்ல நின்றுபோயிற்று.

மூவரும் அப்போது சிட்டன் என்ற சின்னக் கலத்தைக் கவனித்துவந்தார்கள். அவன் வருடக்கணக்காகப் போய்க்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் அது பூமிக்கு வந்துசேரவே நல்ல நேரம் பிடிக்கும். பதில் போய்ச்சேர அதே நேரம் பிடிக்கும்.

"அக்கா, இருக்கியா?" என்பான்.

"இருக்கேன்டா. எங்க போகப்போறேன்?" என்பாள் அகலி.

ஒருநாள் விடிந்ததிலிருந்தே காற்று அகலியை உலுக்கியெடுத்தது. மூட்டெல்லாம் கிறீச்சிட்டது. சிட்டன் மேற்கே சரிந்துகொண்டிருந்தபோது அவன் குரல் வந்தது.

"அக்கா, முன்னாடி கல்லு கல்லா மிதக்குற மாதிரி இருக்கு. கிட்டப் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன். எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு நீதான் சொல்லணும்."

"சொல்லுடா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடிவானத்துக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. இந்நேரம் குன்றாள் பிடித்திருப்பாள், ஒருத்தனுக்கு இரண்டு பேர் எதற்கு என்று அகலிக்குத் தோன்றியது. அசதி வந்தால் இப்படித்தான் நியாயம் பேசச் சொல்லும். அவனை விட்டுவிட்டு, முகத்தை உச்சிவானத்துக்கு நிமிர்த்தி ஓய்ந்துபோனாள்.

குன்றாளும் அலுத்துத்தான் கிடந்தாள். மலைக்கு மேலே அவன் நன்றாக ஏறி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம், அதுவரை அகலி விட்டுவிடவா போகிறாள் என்று இருந்துவிட்டாள். அந்தச் சின்ன இடைவெளியில்தான் சிட்டனின் கேள்வி பூமிக்கு வந்துசேர்ந்தது. கேட்பதற்கு ஆளில்லை.

பிறகு அவன் மலைக்கு மேலே வந்தான். குன்றாள் காதைக் கொடுத்தாள். சத்தமில்லை. ரொம்ப நேரம் கழித்து மெலிதாக ஒரு குரல் வந்தது.

"எந்தப் பக்கம்னு கேட்டேனே, பதிலே வரலையே அக்கா. கல்லுங்க கிட்ட வந்துடுச்சு. சரி, நானே பாத்துக்குறேன்."

குன்றாள் பதறிப்போய்க் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டது அவனுக்கு எட்டியதா என்று தெரியாது. சிட்டன் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

"நீ பிடிச்சிருப்பேன்னு நினைச்சேன்டி" என்றாள் அகலி.

"நீ இன்னும் விட்டிருக்க மாட்டேன்னு நான் நினைச்சேன்."

அதற்குமேல் சண்டை போடவும் தெம்பில்லை. அவன் இருந்த திசையை நோக்கி மூவரும் முறைவைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அகலி வாய்விட்டு அழுதாள். துரோகம் ஏதாவது செய்திருந்தாலாவது தன்னைத் திட்டித் தீர்த்திருப்பாள். கொஞ்சம் முன்னதாக ஓய்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அழுது முடித்தபின் ஆன்டெனாக்கள் தங்களுக்குள் பேசும் மற்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டன. ஒன்றே ஒன்றை மட்டும் விடவில்லை. அன்று முதல்தான், ஒரு கலம் இந்தப் பக்கம் மறையுமுன் பூமியின் இரண்டு ஓரங்களிலும் இரண்டு கிண்ணங்கள் அதன்மேலேயே முகம் வைத்து நிற்கின்றன. "எனக்குக் கேக்குது, நீ போ" என்று அடுத்தவள் சொல்லும்வரை, எத்தனை அசதியானாலும், இருப்பவள் தலையைத் திருப்புவதில்லை.