வெயிலுக்கு வழி கேட்ட எருமை

காற்றுக்கு வானத்தில் நிரந்தர உத்தியோகம் இருந்த அந்தக் காலத்தில், எருமை கொக்கைவிட வெள்ளையாக இருந்தது. எல்லா உயிர்களும் பேசின. எருமை மட்டும் பேசுவதற்கு முன்னால் யோசித்தது.

காற்றின் உத்தியோகம் இதுதான்: சூரியனிடம் போய் ஒரு கூடைச் சூட்டை வாங்கிப் பூமிக்குக் கொண்டுவர வேண்டும். வழி நெடுகக் குளிர். அதனால் காற்று கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் போனால் இன்னொரு பிடி. மலையுச்சியில் மாமியார் வீடு. அங்கே நாலு பிடி. ஏரிக்கரைக்கு வந்து சேரும்போது கூடையின் அடியில் ஆறின கஞ்சி மாதிரி ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் எல்லாரும் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள்.

மந்தாயி என்ற எருமைக்கு அந்தத் தை மாதம் ஒரு கன்று பிறந்தது. மூன்றாம் நாள் அது நடுங்குவதைக்கூட நிறுத்திவிட்டது. நடுங்காத கன்று மறுநாள் விடியலைப் பார்க்காது என்று மந்தாயிக்குத் தெரியும். வரிசையில் வாங்கிய சூட்டை அதன் முதுகில் நக்கி நக்கித் தடவினாள். வால்வரைகூடப் போய்ச் சேரவில்லை. 'இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தது பொறுமையா, சோம்பலா?' என்று அசைபோட்டபடி யோசித்தாள். பாதிக்குமேல் சோம்பல்தான் என்று பட்டது. எழுந்து போய் வரிசையின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, அங்கன கூடை நெறைய வாங்குறீகளா, கொறைய வாங்குறீகளா?"

"நெறையத்தான் தாயி. வழியில எனக்குக் குளிராதா? நான் வெறச்சு விழுந்துட்டா யாரு தூக்கிட்டு வருவா?"

"அப்ப சூரியன்கிட்ட ஒரு முறையீடு சொல்லணும்."

"சொல்லு, கொண்டுபோறேன்."

"உங்க மேலதான்ணே முறையீடு."

பக்கத்தில் நின்ற கொக்கு சிரித்துவிட்டது. "மதினி, ஒங்க மூளை மொத்தமும் கொம்புக்குப் போயிருச்சு."

ஆனால் காற்றுக்கு ஒரு ரோஷம் உண்டு. சூட்டில் கை வைக்கும்; சொல்லில் வைக்காது. மேலே சொன்னதைக் கீழேயும் கீழே சொன்னதை மேலேயும் ஓர் எழுத்துச் சிந்தாமல் சேர்ப்பதில் அதற்கு அவ்வளவு பெருமை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சொல்லித் தொலை" என்றது.

"சாமி, இனிமே யார் கையிலயும் குடுக்காதீக. நீங்களே எறிஞ்சிருங்க."

காற்று போனது. திரும்பி வந்து, சூரியனின் கட்டைக் குரலிலேயே பதிலைச் சொன்னது: "எறியுறேன். ஆனா வெள்ளையில பட்டா எம்மேலயே திரும்பி வரும். கறுப்பா ஏதாச்சும் நின்னாத்தான் உள்ள எறங்கும். நிக்கச் சொல்லு."

சொல்லி முடித்ததும் கூடையைத் தொப்பென்று போட்டது. "நான் தூக்குன கடைசிப் பேச்சு இதுதான். இனி அந்தத் திசைக்கே போகமாட்டேன்." அது நடந்த வழியெல்லாம் ஒன்றுமே இல்லாத வெறும் வெளியாகிவிட்டது.

கரைக்குக் கீழே கரிசல் சேறு கிடந்தது. வெள்ளைதான் மானம் என்றிருந்த காலம். ஒருவரும் அதில் கால் வைத்ததில்லை.

"வேணாம் மதினி, நாளைக்கு எந்த முகத்தோட வந்து வரிசையில நிப்பீக?" என்றது கொக்கு.

"வரிசையே இருக்காது, கொழுந்தனாரே," என்று மந்தாயி இறங்கினாள். கொம்பிலிருந்து குளம்புவரை புரண்டு எழுந்து, வெட்டவெளியில் வந்து நின்றாள்.

ஒன்றும் வரவில்லை. ஒரு வாய்ப் புல்லை அசைபோட்டு முடிக்கும் நேரம் ஆயிற்று. சூரியன் ஏய்த்துவிட்டானா, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா? கொக்கு தொண்டையைச் செருமியது. அப்போது முதுகில் சுரீர் என்று இறங்கியது வெயில். யாரும் சுமக்கவில்லை. நடுவில் எதுவும் சூடாகவில்லை. அவள்தான் சூடானாள்.

கன்றின் மேல் விலாவைச் சாய்த்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது நடுங்கத் தொடங்கியது. பிறகு நடுக்கம் அடங்கியது. பிறகு பால் கேட்டு மடியில் முட்டியது.

மந்தாயி அழுதாள். அழுது முடிப்பதற்குள் உச்சிவேளை வந்துவிட்டது. சேறு தோலோடு தோலாகக் காய்ந்து ஏறியிருந்தது. கொக்கின் மேல் விழுந்த வெயில் பட்ட வேகத்தில் திரும்பிப் போனது. இவள் மேல் விழுந்தது ஒரு துளிகூடத் திரும்பவில்லை.

"போதும் சாமி!" என்று கத்தினாள். குரல் கொஞ்ச தூரம் ஏறி, காற்று முடிகிற இடத்தில் நின்றுவிட்டது.

"அண்ணே, இந்த ஒரு சொல்ல மட்டும்..."

கொதிக்கும் தரையில் முதுகைத் தேய்த்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்த காற்று, கண்ணைத் திறக்காமலே சொன்னது: "வேலைய விட்டாச்சு தாயி."

எறியச் சொல்லத் தெரிந்தது. நிறுத்தச் சொல்ல ஒரு வழியை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்று யோசித்தபடியே, கன்றையும் கூட்டிக்கொண்டு மந்தாயி ஏரியில் இறங்கினாள்.

அன்று முதல்தான் வெயில் யார் தோளிலும் ஏறாமல் நேரே வந்து நம்மேல் விழுகிறது. காற்று தரையைத் தொட்டுத்தான் சூடேற்றிக்கொள்கிறது. எருமை கறுத்த மேனியோடு கழுத்தளவு தண்ணீரில் கிடக்கிறது. நடுநடுவே முகத்தை மேலே தூக்கி அது கத்துவது அந்த ஒரே சொல்லைத்தான். சூரியன் காதில் இன்னும் விழவில்லை.