பராக்கு

"இவள இங்கயே விட்டுட்டுப் போறேம்மா. திருத்திக் குடுங்க."

மலைமடத்து வாசலில் சொக்கேசன் நின்றார். பக்கத்தில் அவர் மகள் குமுதவல்லி.

மடத்தின் தலைவி அம்மை பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். வயதில் சொக்கேசனுக்கு இளையவர். அவரிடம்தான் சொக்கேசன் பாடம் கேட்கிறார்.

"என்ன செய்றா?"

"சதா பராக்குப் பாக்குறா. தண்ணிக்கு அனுப்பினா குடத்தக் கிணத்தடியில விட்டுட்டு வந்துடறா. அடிச்சு அடிச்சு வாத்தியாருக்குக் கை ஓஞ்சுபோச்சு. எனக்கும்தான்."

குமுதவல்லி கூரைமேல் பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்படி?"

சொக்கேசன் தலை குனிந்தார். அவர் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியாமல் இறங்கியதாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

"எங்கப்பாவும் என்னைப் பராக்குன்னுதாம்மா அடிச்சாரு. இவளப் பாத்தா என்னையே பாக்குற மாதிரி இருக்கு. தாங்கமுடியல."

அம்மை பூச்சரத்தின் நாரை முடிந்தார்.

"காலைல அம்மன் பல்லக்கு இறங்குது. முன்னால குரல் குடுத்துட்டுப் போற கட்டியக்காரருக்குக் காய்ச்சல். தடிய எடுத்துக்கிட்டு நீங்க முன்னால போங்க."

"நானா? எனக்குக் கவனமே நிக்காதேம்மா!"

"பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க."

காலையில் மலையே பனிக்குள் கரைந்து கிடந்தது. பல்லக்குத் தூக்கிகளுக்குத் தங்கள் கால்கூடத் தெரியவில்லை. எங்கோ மணிச்சத்தம் மட்டும் மிதந்தது.

இன்றைக்காவது பராக்குப் பார்த்துத் தொலைக்கக் கூடாது என்று சொக்கேசன் வெள்ளித்தடியின் பூணிலேயே கண்ணை நட்டு நடந்தார். வேறெதையும் பார்க்கவில்லை. வாயும் திறக்கவில்லை.

வேட்டியை யாரோ இழுத்தார்கள்.

"அப்பா, கெளை."

நிமிர்ந்தார். பனிக்குள்ளிருந்து தாழ்ந்த கிளை ஒன்று பல்லக்கின் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

சின்ன வயதிலிருந்து திருவிழாதோறும் கேட்ட குரல் அவர் தொண்டையிலிருந்து தானாகவே கிளம்பியது.

"பராக்!"

தூக்கிகள் குனிந்தார்கள். அம்மன் கிளைக்கு அடியில் நழுவிப் போனாள்.

அதன்பின் அவர் கண் பழையபடி ஓடியது. வலப்பக்கம் பெயர்ந்த படி. "பராக்!" இடப்பக்கம் பாசி. "பராக்! பராக்..."

பாதியில் குரல் நின்றது. தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குரல் கொடுத்தார்.

அடிவாரத்தில் பல்லக்கு இறங்கியது. அம்மை வந்து நின்றார்.

"பிள்ளைய விட்டுட்டுப் போறீங்களா?"

"இல்லம்மா." தடியைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா நான் வச்ச பால் பொங்குமே?"

"பொங்கும். பொங்கறதுக்கு முந்தி ஒரு குரல் குடுக்கச் சொல்லி வீட்டுல கேளுங்க. கேக்குறதுல வெக்கம் என்ன?"

தந்தையும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதிவழியில் குமுதவல்லி எதையோ பார்த்து நின்றுவிட்டாள்.

சொக்கேசனின் கை பழக்கத்தில் உயர்ந்தது. குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கை அவள் தோளில் மெல்ல இறங்கியது. அவர் அவளருகே குந்தி உட்கார்ந்தார்.

"என்னம்மா அது? அப்பாவுக்கும் காட்டு."