துருக்கிக்குப் புறப்பட்ட வான்கோழி

அரண்மனைக் கோழிக்கொட்டகையைப் பார்த்துவந்த சடைச்சிக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். கயத்தாற்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளை இங்கே எல்லோரும் கயத்தாற்றுக்காரி என்றார்கள். பிறந்த வீட்டுக்குப் போனால், அங்கே இந்த ஊர்ப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஜமீன்தாருக்கு அதெல்லாம் எதற்கு? "வெளியூர் ஆட்கள் வேண்டாம். பேரில் எந்த ஊரோ, அந்த ஊருக்கே போகட்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

சடைச்சி மூட்டையைக் கட்டினாள். ஜமீன்தாரின் செல்ல வான்கோழியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தவர் பதறிப்போனார்.

"அதை எங்கேடி தூக்கிட்டுப் போறே?"

"உங்க உத்தரவுதான் எஜமான். இங்கிலீசுல இதுக்குத் துருக்கி தேசத்துப் பேருன்னு இந்த வெள்ளைக்காரத் தொரை சொன்னார். சரி, துருக்கிக்கே அனுப்பலாம்னு பார்த்தா, கம்பளம் விற்க வந்த இந்தத் துருக்கிக்கார பாய், அவங்க பாஷையிலே இதுக்கு இந்தியாப் பேருங்கிறார். நான் இதை எங்கே கொண்டுபோய் விட?"

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். ஜமீன்தாருக்கு மூக்கு சிவந்தது.

"எவனோ தெரியாம வச்ச பேருக்குப் பறவை என்னடி பண்ணும்? இங்கேயே தின்னு இங்கேயே கிடக்குது, இது இந்த அரண்மனைப் பறவை!"

"அதையே உத்தரவாப் போட்டுடுங்க எஜமான், நாங்க ரெண்டு பேரும் கொட்டகைக்குத் திரும்பிடுறோம்."