முப்பத்திரண்டு கூடுகள், ஐந்து குடும்பங்கள்

தோட்டக் கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் முப்பத்திரண்டு தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. அவற்றுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகு வேலையை ஒரு மைனா பார்த்து வந்தது.

ஒரு காலையில் தூவி என்ற பெண் தூக்கணாங்குருவி அங்கே வந்தது. அது குடியிருந்த பனையை வெட்டிவிட்டார்கள். முட்டையிட இன்னும் மூன்றே நாள். அதற்குள் கூடு கிடைக்காவிட்டால் தரையில்தான் இட வேண்டும். தரையில் இட்டால் பாம்புக்குத்தான்.

"எண்ணிப் பாரு தாயி, முப்பத்திரண்டு வீடு. பெரிய ஊரு," என்றது மைனா. "உச்சி ஓலையில ஒண்ணே ஒண்ணுதான் காலி. கம்பங்கொல்லையில நீ மேயுற மூணு வரிசையை எனக்கு விட்டுக்கொடு, வீடு உனக்கு. நாளைக்கு வந்தா இந்த விலைக்குக் கிடைக்காது."

கூடு தேடி வந்த சில்லைக் குருவித் தம்பதி இடையில் புகுந்தது. "நாங்க நாலு வரிசை தரோம் அண்ணே."

தூவிக்கு நாள் குறைவுதான். ஆனாலும், "ஒரு பகல் பொறுங்க. ஊரைப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றது.

"அண்ணாந்து பாரு, அதுதான் ஊரு."

"அது கூடு அண்ணே. நான் ஊரைச் சொன்னேன்."

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, எந்தக் கூட்டுக்கு இரை போகிறது என்று தூவி பார்த்தது. பொழுது சாயும்வரை ஐந்து கூடுகளுக்கு மட்டுமே இரை போனது.

தூவிக்குக் காரணம் புரிந்தது. தூக்கணாங்குருவிகளில் ஆண்தான் கூடு பின்னும். பாதி பின்னியதும் பெண் வந்து தொங்கி இழுத்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் ஆண் அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். மற்ற இருபத்தேழும் அப்படிக் கழிக்கப்பட்டவை.

புழுவோடு வந்த ஒரு தாய்க்குருவியிடம் தூவி கேட்டது: "ஏன் இவ்வளவு கொஞ்சம் பேர்?"

"இளசுங்க எல்லாம் ரைஸ்மில் பக்கம் போயிடுச்சு அக்கா. அங்க நெல்லு சிந்திக் கிடக்குதில்ல."

"உன் குஞ்சுங்க?"

"மூணும் நல்லாயிருக்கு. இந்த அஞ்சு வீட்டிலயும் ஒண்ணுகூடச் சாகல. கீழே தண்ணி பாருங்க. பாம்பு வந்தா வழுக்கிக் கிணத்துலதான் விழும்."

தூவி சில்லைகளிடம் உண்மையைச் சொன்னது. "அஞ்சே குடும்பமா? பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாத ஊரு," என்று அவை பறந்துவிட்டன.

"வியாபாரத்தைக் கெடுத்திட்டியே தாயி," என்றது மைனா. "சரி, ஒரே வரிசை கொடு. உச்சி வீட்டை எடுத்துக்கோ."

"அது தண்ணிக்கு மேல இல்ல, கரைப்பக்கம் தொங்குது. வழுக்கினாலும் தரையில விழுந்து திரும்ப ஏறலாம், பாம்புக்கு வசதியான வீடு. நான் வேண்டாம்னு சொல்றது உங்க வீட்டைத்தான் அண்ணே, இந்த ஊரை இல்ல."

அதே மரத்தில் ஆறு கூடு பின்னி ஆறும் கழிக்கப்பட்ட இழையன் என்ற ஆண்குருவியிடம் தூவி போனது. "தண்ணிக்கு நேர் மேலே ஒண்ணு பின்னித் தருவியா?"

"நீயும் இழுத்துப் பார்ப்பியா?" என்றது இழையன் பயத்தோடு.

"ஓலையே ஆடுற மாதிரி இழுப்பேன்."

இரண்டு நாள் இழையன் புல் கிழித்துப் பின்னியது. தூவி தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தது. கூடு பிய்யவில்லை. மூன்றாம் நாள் அதில் முட்டையிட்டது. ஊரில் குடும்பங்கள் ஆறாயின.

குடியேறப் போகும் ஊரின் மதிப்பை அங்கே தெரியும் வீடுகளை எண்ணி அளக்காதீர்கள். அங்கே பிழைத்து வளரும் பிள்ளைகளை எண்ணி அளந்து பாருங்கள்.