ஊற்றுத் தோண்ட வந்த முள்ளம்பன்றிகள்

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்ட மலைக்கு அப்பாலிருந்து முள்ளம்பன்றிகள் வந்திருந்தன. அழைத்து வந்தவன் செங்கான் என்ற நரி. அந்தக் காட்டின் தண்ணீர்ப் பொறுப்பு அவனுடையது. தோண்டுகிறவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே பங்கு உண்டு என்று பேசித்தான் கூட்டி வந்தான்.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஊற்றில் தண்ணீர் குறைந்தது. உடனே செங்கான் புதுச் சட்டம் போட்டான். காலம் மோசமாம், உள்ளூர்க்காரர்கள் குடித்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் குடிக்க வேண்டுமாம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. செவந்தி என்ற கீரியும் கேட்கவில்லை. அவளுக்கு வரிசையில் முதல் இடம் கிடைத்திருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. தோண்டத் தோண்ட ஊற்று ஆழமாக வேண்டாமா? ஆகவே இல்லையே! முள்ளம்பன்றிகளுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றான் செங்கான். மான்களும் அதையே சொல்லின. எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் செவந்திக்குத் தூக்கம் வரும். மத்தியானம் எல்லோரும் நிழலுக்குப் போனதும் அவள் ஊற்றுக்குள் இறங்கினாள்.

உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. சடையன் என்ற முள்ளம்பன்றி மணலைக் கீறிக்கொண்டிருந்தான். அவன் நகமெல்லாம் ரத்தம். பக்கத்தில் அவன் மனைவி ஈர மண்ணை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மண்ணை ஏன் சப்புகிறாள் என்று செவந்தி கேட்டாள்.

"எங்க முறை வரும்போது இதுதான் தங்கச்சி மிஞ்சுது" என்றான் சடையன்.

அப்படியானால் ஊருக்குப் போய்விடலாமே என்றாள் அவள். செங்கான் கணவாயில் கழுதைப்புலியைக் காவல் வைத்திருக்கிறான், வேலை முடியாமல் யாரும் திரும்ப முடியாது என்று சடையன் சொன்னான்.

அவளால் நம்ப முடியவில்லை. தாகத்தோடு தோண்டினால் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கத் தானும் தோண்டினாள். கொஞ்ச நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கண் இருட்டியது. சடையன்தான் அவளை மேலே தூக்கிவிட்டான்.

சாயங்காலம் தண்ணீர் குடிக்கச் செங்கான் முதலில் அவளைக் கூப்பிட்டான். செவந்தி நகரவில்லை.

"சடையண்ணன் முதல்ல குடிக்கட்டும்."

"உன் பங்கை வெளியூர்க்காரனுக்கு விட்டுக் கொடுக்கிறியா?"

"அவங்க பங்கைத்தான் அண்ணே நாம இவ்வளவு நாளும் குடிச்சோம். அவங்க சோம்பேறின்னு சொன்னீங்க. நான் இறங்கித் தோண்டிப் பார்த்தேன். தண்ணி இல்லாம அங்க யாராலயும் தோண்ட முடியாது. வேணும்னா நீங்க இறங்கிப் பாருங்க."

செங்கான் இறங்கவில்லை. மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. காட்டெருமை ஒன்று முனகிக்கொண்டே முள்ளம்பன்றிகளுக்கு வழிவிட்டது. மற்ற விலங்குகளும் மெல்ல விலகின.

மறுநாள் அந்தக் காட்டெருமையே கணவாய்க்குப் போய்க் கழுதைப்புலியை விரட்டியது. சில முள்ளம்பன்றிகள் அப்போதே ஊருக்குக் கிளம்பிவிட்டன. அவற்றை யாரும் தடுக்கவில்லை. சடையனும் அவன் மனைவியும் தங்கினார்கள். மான்கள் ஊற்றின் மேல் தழை பரப்பி நிழல் செய்தன. வெயில் தாழ்ந்த பிறகுதான் வேலை என்றானது. செங்கானும் மண் அள்ள வேண்டியதாயிற்று. ஊற்று ஆழமானது. அந்தக் கோடையில் யாருக்கும் வயிறு நிறையத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால் யாரும் தாகத்தால் சாகவும் இல்லை.

கஷ்ட காலம் எல்லோருக்கும் பொதுவானது என்றால், அதன் சுமையைப் பிழைக்க வந்தவர்கள் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயம் ஆகாது.