கடைசிக் கூடைக்கு மாலை

ஆழியூர் என்று ஒரு தலைநகரம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆறு தெருக்கள். தெருவுக்கு ஏழு பேராக நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து, சம்பளம் வாங்காமல் ஊர் வேலை பார்க்க ஒரு தொண்டர் சபை அமைத்திருந்தார்கள். சபை கூடியது, கூடியது, கூடிக்கொண்டே இருந்தது. ஒன்றரை வருஷத்தில் நகரத்தின் ஒரே குடிநீர்க் குளத்திலிருந்து ஒரு கூடை சேறுகூட வெளியே வரவில்லை.

காரணம் சின்னதல்ல. ஊர் வேலை எதுவானாலும் ஒருவருக்கு முதல் மரியாதை செய்தாக வேண்டும். தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, கையில் சந்தனம். அது எந்தத் தெருக்காரருக்கு? செக்குத் தெரு விட்டாலும் தட்டார் தெரு விடாது. தட்டார் தெரு விட்டாலும் மற்ற நான்கும் விடாது. ஒவ்வொரு கூட்டமும் ஒரு மாலையோடு தொடங்கி, அந்த மாலை வாடியதும் முடிந்தது.

அரசவையில் மக்களின் முறையீட்டு ஓலைகளை வாசிப்பவள் பூங்காவனம். அடுத்தவர் துயரத்தை வாசித்து வாசித்து, தனக்குத் தலைவலி என்று சொன்னால்கூடக் கடைசியில் 'இப்படிக்கு' என்று முடிக்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. அன்று அவள் வாசித்த ஓலை குயவர் தெருவிலிருந்து வந்தது.

"குளத்தில் சேறுதான் இருக்கிறது. ஆற்றுக்குத்தான் போகிறோம். நேற்று என் நிறைமாத மருமகள் குடத்தோடு விழுந்தாள். பிள்ளை பிழைத்தது. அடுத்த முறை தெரியாது."

பூங்காவனத்தின் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது.

அமைச்சர் விருத்தகிரி எழுந்தார். "மகாராஜா, சேறு நிறைந்த குளம் எதற்கு? மண் போட்டு மூடிவிடுவோம். யானை அணிவகுப்புக்கு அருமையான இடம்."

மன்னர் வெற்றிவேழனுக்கு யானை என்றால் உயிர். ஆனாலும் நியாயம் பார்ப்பவர். "எட்டு நாள் தருகிறேன். சபை குளத்தைத் தூர்வாரினால் குளம் ஊருக்கு. இல்லையென்றால் யானைக்கு."

"ஒரு வார்த்தை, மகாராஜா" என்றார் விருத்தகிரி, மிகுந்த பணிவோடு. "முதல் மரியாதை நம் முன்னோர் வைத்த வழக்கம். அதை ஒழிக்கக்கூடாது. ஒரு தெருவுக்குக் கொடுத்து மற்ற ஐந்து தெருவின் மனசையும் நோகடிக்கக்கூடாது. காவலாளை விட்டு விரட்டவும் கூடாது."

"அதுவும் சரிதான்" என்றார் மன்னர். "இதை யார் முடிப்பீர்கள்?"

அவை தன் கால்விரலைப் பார்த்தது.

"நான் பார்க்கிறேன், மகாராஜா" என்றாள் பூங்காவனம்.

"ஏம்மா பூங்காவனம், இது ஓலை வாசிக்கிற வேலை இல்லை" என்று சிரித்தார் விருத்தகிரி.

"தெரியும் ஐயா. ஓலையைத்தான் இத்தனை நாளும் வாசித்தோமே."

மறுநாள் காலையில் குளக்கரையில் ஒரு மாலையையும் ஒரு முரசையும் வைத்தாள். சபை முழுவதும் கூடியிருந்தது.

"முதல் மரியாதை உண்டு" என்றாள். "ஆனால் வேலை தொடங்கும்போது இல்லை. நான் முரசு அடித்து வேலையை முடிக்கும்போது, கடைசி மண்ணை மேலே கொண்டுவந்தவர் யாரோ, அவருக்கு."

"அப்படியானால் நாங்கள் கடைசியில் வந்து சுமக்கிறோம்" என்று செக்குத் தெரு உட்கார்ந்தது. மற்ற ஐந்து தெருவும் உட்கார்ந்தன.

பூங்காவனம் புடவையை இழுத்துச் செருகினாள். சேற்றில் இறங்கினாள். ஒரு கூடை அள்ளி, கரையில் கொட்டிவிட்டு முரசுக் கோலை எடுத்தாள். "கடைசிக் கூடை என்னுடையதுதான். மாலையைப் போடுங்கள்."

"என்னது! ஓலை வாசிக்கிறவளுக்கா?" செக்குத் தெருக்காரர் ஒருவர் பாய்ந்து ஒரு கூடை அள்ளினார்.

"அடேய், செக்குக்காரன் அள்ளிட்டான்!" தட்டார் தெரு குதித்தது.

அதோடு சரி. யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒருவன் கூடையைக் கொட்டினால் அவன் பின்னாலேயே இன்னொருவன் கொட்டினான். பானை, அண்டா, தொட்டில் எல்லாம் கூடையாயின. கல்யாண மாப்பிள்ளை ஒருவர் தாலி கட்டிய கையோடு வந்து ஒரு தாம்பாளம் சேறு சுமந்தார். ஐந்தாம் நாள் குளம் சுத்தமானது. ஏழாம் நாள் பழைய படிகளுக்குக் கீழே யாரும் அறியாத படிகள் தெரிந்தன. எட்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இடுப்பளவு தண்ணீர். முங்கி முங்கி அள்ளினார்கள்.

மன்னர் குடையோடு ஓடி வந்தார். "போதும்! பாதாளம் வந்துவிடும் போலிருக்கிறதே! முரசை அடி!"

"எப்படி அடிப்பது மகாராஜா? இப்போது அடித்தால் தட்டார் தெருவுக்கு மாலை. ஐந்து தெருவும் உங்களோடு பேசாது."

"கொஞ்சம் பொறுத்து அடி!"

"பொறுத்தால் செக்குத் தெரு."

பின்னாலேயே விருத்தகிரியும் வந்து நின்றார். பூங்காவனம் அவர் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஐயா, உங்களிடம் மறைக்கக்கூடாது. அந்த மூலையில் ஆழம் போதாதோ என்று எனக்குச் சந்தேகம்."

அமைச்சரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? அளந்துவிடுவோம்!" கரையில் நட்டிருந்த அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு வழுக்குக் கரையில் எட்டிக் குனிந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

தொபீர்!

நாற்பத்திரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அமைச்சர் மூழ்கினார், எழுந்தார், தவழ்ந்து கரையேறினார். தலைப்பாகை நிறையச் சேறு. அதைக் கழற்றிக் கரையில் கொட்டினார்.

டம்! டம்! டம்!

"முடிந்தது மகாராஜா. கடைசி மண் அமைச்சருடையது" என்றாள் பூங்காவனம். "எந்தத் தெருவுக்கும் வருத்தமில்லை."

ஆறு தெருவும் ஒன்றாகக் கைதட்டின, வரலாற்றில் முதல் தடவையாக. குளத்தை மூட நினைத்தவருக்குக் குளம் வெட்டியதற்காகப் பரிவட்டம் கட்டினார்கள். விருத்தகிரி மாலைக்குள்ளிருந்து தும்மினார். மன்னர் சிரித்துச் சிரித்துக் குடையைக் கைநழுவ விட்டார்.

"பூங்காவனம், உனக்கு என்ன வேண்டும்? கேள்!"

அவள் நிறைகிற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து ஈரமான ஓலை ஒன்றை எடுத்தாள்.

"வடக்குத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறதாம் மகாராஜா. அதைத் தூர்வாருகிற அன்றைக்கும் கரையில் நிற்க அமைச்சரை அனுப்பிவைக்க முடியுமா?"