எந்த இடத்தில் அழுகிறாள்

தென்காசிக்கு வெளியே, மலை தொடங்குகிற இடத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்திவந்தவர் கோமதியம்மை. நாற்பத்துமூன்று வயது. முன்பு அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்களுக்கு ஒரு கதை சொல்வார். விளக்கம் சொல்ல மாட்டார். கதை முடிந்ததும் எல்லோருக்கும் கஞ்சி உண்டு.

அவருடைய மாணாக்கர்களில் பாலவண்ணநாதன்தான் மூத்தவர். அம்மையைவிடவே பதினாறு வயது பெரியவர். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு வாரப் பத்திரிகையில் கதைகளின் உட்பொருளைப் பற்றி எழுதிவந்தார். பழைய புராணமோ, போன வெள்ளிக்கிழமை வந்த சினிமாவோ, எதைக் கொடுத்தாலும் உள்ளே ஒளிந்திருக்கிற அர்த்தத்தை எடுத்து வெளியே வைத்துவிடுவார். கதாநாயகன் மூன்றாவது பாட்டில் ஏன் கறுப்புச் சட்டை போட்டான் என்று ஒருமுறை இரண்டு பக்கம் எழுதினார். அதைப் படித்துவிட்டு அந்தப் படத்தின் டைரக்டரே போன் செய்து, "இது எனக்கே தெரியாது சார்" என்றாராம். பாலவண்ணநாதன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அம்மை அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அவர் அம்மையை அம்மா என்பார்.

ஒரு ஞாயிறு, அம்மை இந்தக் கதையைச் சொன்னார்:

ஒரு ராணியிடம் ஒரு கிளி இருந்தது. அதற்கு 'வா' என்ற ஒரு சொல்தான் தெரியும். ராணி செத்துப்போனாள். அரண்மனையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வேறு ஊருக்குப் போனார்கள். கிளியை மறந்துவிட்டார்கள். கடைசியாகப் பூட்டுப் போட்ட காவலாளி பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்தான்.

அவ்வளவுதான் கதை.

எல்லோரும் கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள். அம்மை முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாலவண்ணநாதன் நோட்டுப் புத்தகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு வாரேன், அம்மா. நீங்க கதையச் சொல்லுதீங்க, அர்த்தத்தச் சொல்லமாட்டேங்கீங்க. நானே கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்கேன். சரியா தப்பான்னு இன்னிக்காவது சொல்லணும்."

"வாசிங்க அண்ணாச்சி."

அவர் வாசித்தார். கிளி ஆன்மா. அரண்மனை உடம்பு. பூட்டு மறதி. 'வா' என்பது மரணத்தின் அழைப்பு என்றும் கொள்ளலாம், குருவின் அழைப்பு என்றும் கொள்ளலாம். காவலாளி திரும்புகிற பாதி வழி என்பது நடுவயது. இப்படி ஏழு அர்த்தங்கள்.

அம்மை சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டார்.

"நல்லாருக்கு. வீட்ல என்ன சொன்னாவ?"

"யாரு, செண்பகமா? அவட்ட இதெல்லாம் எங்க சொல்ல? அவளுக்கு டிவி சீரியல்தான் உலகம். மத்தியானம் ரெண்டு மணி ஆச்சுன்னா போதும், உக்காந்து அழுவா. நான் ரூம் கதவச் சாத்திக்கிடுவேன்."

"அழுவாவளா?"

"தினமும் இல்ல. அப்பப்ப."

"எந்த இடத்துல அழுவாவ?"

பாலவண்ணநாதன் விழித்தார். "சீரியல்ல எந்த இடம்னு பாத்தாம்மா அழுவாங்க? எல்லா இடமும் அழுவுற இடந்தான்."

"எந்த இடம்னு தெரியாதா?"

"தெரியாது."

அம்மை ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துப் பாத்திரத்தில் போட்டார்.

"பத்து நாள் கதவச் சாத்தாம கூட உக்காந்து பாருங்க. வாயத் திறக்கக் கூடாது. எந்த இடத்துல அழுதாவன்னு எனக்கு வந்து சொல்லணும். ஏழு அர்த்தத்துல எது சரின்னு அதுக்கப்புறம் பாப்போம்."

மறுநாள் இரண்டு மணிக்கு அவர் சோபாவில் வந்து உட்கார்ந்தபோது செண்பகவல்லி பயந்துவிட்டாள்.

"என்னங்க, உடம்புக்குச் சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அவள் ஒருமுறை அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சீரியலைப் பார்த்தாள்.

கதை அவர் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. ஒரு பெரிய வீடு. சொத்துத் தகராறு. பாயசத்தில் விஷம் வைக்கிற ஒரு கொழுந்தி. அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மதில். இரண்டு வீட்டு ஆண்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் கதாநாயகியின் தாலி அறுந்து விழுந்தது. வீணை, வயலின், இடி எல்லாம் சேர்ந்து முழங்கின. பாலவண்ணநாதன் திரும்பிப் பார்த்தார். செண்பகவல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண் காய்ந்துதான் இருந்தது.

நான்காம் நாள் விஷம் குடித்தவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "இவன் பொழச்சிக்கிடுவான்," என்றாள் செண்பகவல்லி.

ஐந்தாம் நாள், பெரிய காட்சிகளுக்கு நடுவில் ஒரு சின்னக் காட்சி வந்தது. அக்கா மதிலுக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டினாள். தங்கை வாங்கிக்கொண்டாள். "உப்பு கூடிட்டு," என்றாள் அக்கா. "இருக்கட்டும்," என்றாள் தங்கை. பாட்டில்லை, இசையில்லை. அரை நிமிஷம்கூட இருக்காது.

செண்பகவல்லியின் கையில் துணி அப்படியே நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அந்த இரண்டு பெண்களும் வரவில்லை. அவள் அழவில்லை. எட்டாம் நாள் வந்தார்கள். மதிலோரம் நின்று யாரோ ஒரு சித்தியைப் பற்றி வம்பு பேசிச் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பாலவண்ணநாதன் எழுந்து அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

செண்பகவல்லிக்கு ஒரு அக்கா உண்டு. உலகம்மாள். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். ஒன்றரை மணி நேர பஸ் பயணம். செண்பகவல்லி அந்த வீட்டுப் படி மிதித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

காரணம் பாலவண்ணநாதன்தான். உலகம்மாளின் மகள் கல்யாணத்துக்கு, பெண்ணின் அப்பா தாணுமூர்த்தி தானே ஒரு வாழ்த்துப்பா எழுதி மேடையில் வாசித்தார். அவர் போஸ்ட் மாஸ்டர். வாழ்நாளில் எழுதிய ஒரே பாட்டு அது. 'விளக்கின் நிழலாய் விளையாடி வாழ்க' என்று அதில் ஒரு வரி. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாலவண்ணநாதன் அந்த வரியை விளக்கினார். விளக்கின் நிழல் என்றால் இருட்டு. இருட்டாய் வாழ்க என்று பெற்ற தகப்பனே மகளை வாழ்த்தியிருக்கிறார். அவர் உள்மனசில் என்னவோ இருக்கிறது என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கவில்லை. சாம்பார் வாளியோடு பின்னால் நின்றிருந்தவர் தாணுமூர்த்தி.

உள்ளதைத்தானே சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷமும் பாலவண்ணநாதன் நினைத்திருந்தார். செண்பகவல்லி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்றும் நினைத்திருந்தார்.

பதினோராம் நாள் மடத்துக்குப் போனார். நோட்டுப் புத்தகம் எடுத்துப் போகவில்லை.

"எந்த இடம் அண்ணாச்சி?" என்றார் அம்மை.

சொன்னார். மதிலைச் சொன்னார், கிண்ணத்தைச் சொன்னார், பந்தியையும் சொன்னார்.

"அப்ப இங்க ஏன் வந்து உக்காந்திருக்கீங்க?"

"அங்க போனா வாசல்லயே நிறுத்திருவாங்க, அம்மா."

"நிக்கலாம்லா."

அன்று சாயங்காலம் செண்பகவல்லி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைத் தொடவில்லை.

"அம்பாசமுத்திரம் போவமா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நான் ஒன்னப் போகக்கூடாதுன்னு சொன்னேனா, செண்பகம்?"

"சொல்லல."

"பின்ன?"

"போன்னும் சொல்லலியே."

டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி, "காப்பி ஆறுது," என்றாள். உள்ளே போய்விட்டாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. நாளைக்குக் கட்டப் புடவை தேடினாள்.

மறுநாள் அம்பாசமுத்திரத்தில் உலகம்மாள்தான் கேட்டைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. தங்கையைப் பார்த்தாள். தங்கையின் கையில் இருந்த பையைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் செண்பகவல்லி.

"செருப்ப அங்கனயே விடு. இப்பத்தான் வாசலைக் கழுவி..."

தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பாலவண்ணநாதன் நிற்பதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அவர் வாசலில் நின்றார். வெயில் ஏறியது. பக்கவாட்டில் தாணுமூர்த்தி கறிவேப்பிலைக் கன்றுக்கு ஹோஸில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீர் விட்டார்.

பாலவண்ணநாதன் அவர் அருகே போனார்.

"நான் அன்னிக்குப் பேசினது தப்பு."

"என்னிக்கு?"

"கல்யாணத்துல. அந்த வாழ்த்துப்பா."

தாணுமூர்த்தி கன்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க படிச்சவுக. நீங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. விளக்குக்கு நிழல்னா இருட்டுதான். எனக்குத்தான் எழுதத் தெரியல."

"நீங்க என்ன நினைச்சு எழுதினீங்க?"

தாணுமூர்த்தி போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்தார். பத்தொன்பது வருஷத்தில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

"அவ சின்னப் பிள்ளையா இருக்கையில அடிக்கடி கரண்ட் போவும். இருட்டுன்னா அவளுக்குப் பயம். வீறிட்டு அழுவா. நான் மண்ணெண்ணெய் விளக்க ஏத்திவச்சு, சுவத்துல கையால மான் காட்டுவேன். முயல் காட்டுவேன். பயமெல்லாம் போயிரும். கரண்ட் வந்தாக்கூட, விளக்க அணைக்காத அப்பாம்பா." ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "கல்யாணத்துக்கு என்ன எழுதன்னு எனக்குத் தெரியல. அதத்தான் எழுதினேன்."

சொல்லிவிட்டு இரண்டு விரலை மடக்கி, இரண்டை நீட்டினார். காம்பவுண்டுச் சுவரில் ஒரு மான் காதை அசைத்தது.

பாலவண்ணநாதன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கும்பிடப் போன கையைத் தாணுமூர்த்தி பிடித்துக்கொண்டார். பிடித்த கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி ஆயிற்று. உலகம்மாள் டிவியைப் போட்டாள். அதே சீரியல். அவளும் ஒருநாள் விடாமல் பார்க்கிறவள்தானாம். அக்காவும் தங்கையும் ஒரே சோபாவில் காலை மடித்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் பின்னால் நாற்காலியில்.

அன்றைக்கும் மதில் காட்சி வந்தது. தங்கைக்குக் காய்ச்சல். அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "கஞ்சியாவது குடிச்சியா?" என்று கேட்டாள்.

சோபாவில் இருந்த இருவரும் அதைப் பார்க்கவில்லை. உலகம்மாளின் முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பார்த்தது பாலவண்ணநாதன் மட்டும்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பாலவண்ணநாதன் மடத்துக்கு வந்தார். செண்பகவல்லி பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். நடந்ததையெல்லாம் அம்மையிடம் சொன்னார். மான் காட்டியதைச் சொல்லும்போது தானும் இரண்டு விரலை மடக்கிக் காட்டினார்.

அம்மை அவருக்கு இன்னொரு கரண்டி கஞ்சி விட்டார்.

"இந்த வாரம் பத்திரிகைக்கு என்ன எழுதினீங்க?"

"எழுதல. லீவு சொல்லிட்டேன்."

"ஏழு அர்த்தத்துல எது சரின்னு கேட்டீங்களே?"

"அது இப்ப வேண்டாம், அம்மா. வேற ஒண்ணு கேக்கணும்." அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இந்தப் பத்தொம்பது வருஷமும் ஒரே வீட்லதான் இருந்திருக்கோம். ஒரு நாள்கூட அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. ஏன்?"

கோமதியம்மை அவரைப் பிரியத்தோடு பார்த்தார்.

"சொல்லாமலா இருந்தாவ? தினமும் ரெண்டு மணிக்குச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்காவ, அண்ணாச்சி."